டி எடுக்கும் திருநம்பிகளும் பிள்ளை பெறும் வழிகளும்: குமரி மாவட்டத்துத் தம்பிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்பவர்) 'டி' என்று நாம் சொல்லும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பிக்கும்போது டாக்டர் பெரும்பாலும் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிடுகிறார்: "இனி குழந்தை பிறக்காது, தெரியும்ல?" கையெழுத்து வாங்குவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வீட்டைச் சமாளித்து, காசு சேர்த்து, அந்த ஊசி வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரும்பாடு என்று இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு அப்போது குழந்தை ஒரு விஷயமாகவே தெரியாது. சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவான்.

அந்த ஒரு வரி பாதி தவறு, அதன் தீங்கு இரண்டு பக்கமும் போகிறது. "மலடு ஆயாச்சு" என்று முடிவு கட்டி, முப்பது வயதில் ஒரு துணை அமைந்த பிறகும் அந்தப் பேச்சையே எடுக்காமல் உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதே வரியை நம்பி, பாதுகாப்பு இல்லாமல் உறவு வைத்து, பீரியட்ஸ் நின்றுபோன உடம்பில் கர்ப்பம் தங்கியதே தெரியாமல் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். குழந்தை வேண்டும் என்பவர், வேண்டவே வேண்டாம் என்பவர், இப்போது தெரியவில்லை என்பவர், மூன்று பேரும் அவரவருக்கு வேண்டிய படியில் நின்று படிக்கலாம்.

டி உடம்புக்குள் என்ன செய்கிறது

டெஸ்டோஸ்டிரோன் சினைப்பையை அழிப்பதில்லை. மாதாமாதம் முட்டையை முதிர்த்து வெளியே விடச் சொல்லி மூளையிலிருந்து வரும் உத்தரவை அது அமுக்குகிறது. அதனால்தான் சஸ்டனான் மாதிரி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியோ, பத்துப் பதினான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் அன்டெகனோயேட் ஊசியோ, தினம் தடவும் ஜெல்லோ, எதுவானாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் பீரியட்ஸ் நின்றுவிடுகிறது. ஆனால் பீரியட்ஸ் நிற்பது வேறு, முட்டை வெளிவராமல் இருப்பது வேறு. ஊசி ஒரு வாரம் தள்ளிப் போனாலோ அளவு குறைந்தாலோ, ரத்தமே வராமல் உள்ளே ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வரலாம், ஒழுங்காக ஊசி போடுகிறவருக்கும் சில நேரம் வரலாம்.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பீரியட்ஸ் திரும்புகிறது. அமெரிக்காவில் குழந்தை பெற்ற 41 திருநம்பிகளிடம் கேட்டு 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு டி எடுத்திருந்தவர்கள் 25 பேர். அவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு நிறுத்திய ஆறு மாதத்துக்குள் பீரியட்ஸ் திரும்பியிருந்தது. ஐந்தில் ஒருவர் பீரியட்ஸ் திரும்பும் முன்பே கர்ப்பமாகியிருந்தார். இந்தக் கடைசிக் கணக்கை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் கருத்தடை பற்றிச் சொல்லும்போது இதுதான் அடிப்படை.

பாஸ்டனில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் அனுபவம் 2019-ல் வெளியானது. முட்டை எடுத்துக்கொண்ட திருநம்பிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே டி எடுத்தவர்கள், சராசரியாக நாலு மாதம் நிறுத்திவிட்டு வந்தவர்கள், ஆனாலும் கிடைத்த முட்டைகளின் எண்ணிக்கை மற்ற பெண்களுக்குக் கிடைத்ததைவிடக் குறையவில்லை. பத்து, பதினைந்து வருடம் தொடர்ந்து எடுத்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு, அதனால் "ஒன்றும் ஆகாது" என்று யாராவது அடித்துச் சொன்னால் அதையும் அப்படியே வாங்காதீர்கள். ஆனால் பல வருடம் டி எடுத்த பிறகு நிறுத்திப் பிள்ளை பெற்றவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அமெரிக்கரான தாமஸ் பீட்டி அப்படித்தான் 2008-ல் தன் முதல் குழந்தையைப் பெற்றார், அதன் பிறகு இன்னும் இரண்டு.

படி 1: கதவை எது மூடுகிறது என்று பிரித்துப் பாருங்கள்

டி கதவைச் சாத்தி வைக்கிறது, பூட்டுவதில்லை. பூட்டுவது மூன்று விஷயம்.

ஒன்று அறுவை சிகிச்சை. நெஞ்சு சர்ஜரிக்கும் கருத்தரிப்புக்கும் சம்பந்தமில்லை, பால் கொடுப்பதில்தான் வித்தியாசம் வரும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நீங்கள் சுமக்க முடியாது, ஆனால் சினைப்பை இருந்தால் முட்டை எடுக்கலாம். சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டால், முன்பே சேமித்து வைத்தது தவிர உங்கள் முட்டை இனி இல்லை. நம்ம ஊர்களில் பல இடங்களில் "எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துடலாம்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறார்கள். கர்ப்பப்பை தனி, சினைப்பை தனி, எதை எடுக்கிறீர்கள், ஏன் எடுக்கிறீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள், ஒப்புதல் படிவத்திலும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இது உங்கள் உரிமை, கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது வயது. டி எடுப்பதால் சினைப்பைக்கு வயது ஏறாமல் நிற்காது. முப்பத்தைந்துக்குப் பிறகு முட்டையின் தரமும் எண்ணிக்கையும் எல்லோருக்கும் போலத்தான் இறங்கும்.

மூன்றாவது சட்டமும் காகிதமும். இதைத் தனியாக விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் மருத்துவம் முடியும் என்று சொல்லும் இடத்தில் சட்டம் முடியாது என்று நிற்கிறது, அது எனக்கு மிகவும் வலிக்கிற இடம்.

படி 2: இப்போதைக்கு வேண்டாம் என்றால் கருத்தடை

கர்ப்பப்பையும் சினைப்பையும் இருக்கிறது, விந்து வரக்கூடிய துணையோடு உறவு இருக்கிறது என்றால், டி எத்தனை வருடம் எடுத்தாலும் கருத்தடை வேண்டும். உங்கள் துணை ஹார்மோன் எடுக்கும் திருநங்கையாக இருந்தாலும் வேண்டும், அவர் எடுக்கும் ஈஸ்ட்ரோஜனும் முழுக் கருத்தடை அல்ல.

ஆணுறை முதல் வழி, நோய்த் தொற்றுக்கும் சேர்த்துத் தடை. கூச்சமில்லாமல் கிடைக்க, அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே தருவார்கள். நீண்ட நாளுக்கு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி நன்றாக வேலை செய்யும், ஹார்மோன் கிடையாது, ஆனால் சிலருக்கு ரத்தப்போக்கு கூடும், நின்ற ரத்தம் திரும்புவதே ஒரு வேதனை என்பவர்கள் ஹார்மோன் உள்ள மிரினா வகையைக் கேளுங்கள், அதில் ரத்தம் குறையும். அரசு ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் டி-யோடு சேர்ந்து போகக்கூடியதே. ஈஸ்ட்ரோஜன் கலந்த சாதாரண மாத்திரை பெரும்பாலும் யாருக்கும் பிடிப்பதில்லை. பாதுகாப்பு தவறிப்போனால் 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் அவசர மாத்திரையை டி எடுப்பவர்களும் எடுக்கலாம், சீக்கிரம் எடுத்தால் அவ்வளவு நல்லது.

கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே மருந்துக் கடையில் கிட் வாங்கிப் பாருங்கள். பீரியட்ஸ் தள்ளிப் போகிறதா என்று காத்திருக்க உங்களுக்கு வழியில்லை, அதனால் காரணமில்லாத குமட்டல், மார்புத் திசு கனத்து வலிப்பது, அசதி எல்லாமே கிட் போட்டுப் பார்க்கக் காரணம்தான். பாசிட்டிவ் என்றால் அடுத்த ஊசியைப் போடாதீர்கள், முதல் மாதங்களில் வெளியிலிருந்து போகும் டெஸ்டோஸ்டிரோன் பெண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். தொடர வேண்டாம் என்றால் 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற டாக்டரின் ஒப்புதலோடு சட்டப்படி கலைக்கலாம், உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. கடையில் ரகசியமாக விற்கும் மாத்திரையை வாங்கி வீட்டில் தனியாகப் போட்டு உயிரைப் பணயம் வைக்காதீர்கள், தயவு செய்து.

படி 3: முதல் பரிசோதனைகள்

டி தொடங்கும் முன்பே இதைச் செய்வது நல்லது. திருநர் நலத்துக்கான டபிள்யூபாத் அமைப்பு 2022-ல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறையும், ஹார்மோன் தொடங்கும் முன் கருத்தரிப்பு பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றுதான் டாக்டர்களுக்குச் சொல்கிறது. ஏற்கெனவே வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தால் இப்போது செய்யுங்கள், தாமதமாகிவிட்டது என்று ஒதுங்க வேண்டாம்.

ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை சினைப்பையில் முட்டை இருப்பு எப்படி என்று ஒரு தோராயம் சொல்லும், பெரும்பாலான லேப்களில் எடுக்கலாம். டி எடுக்கும்போது கொஞ்சம் குறைத்துக் காட்டலாம், அதை வைத்துப் பயந்துவிடாதீர்கள். கூடவே தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின். டி ஹீமோகுளோபினை ஏற்றி வைத்திருக்கும், நிறுத்தினால் இறங்கும் என்பதால் இன்றைய எண்ணை மட்டும் பார்த்து ரத்தம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம் ஸ்கேன். இதுதான் பலரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடம். தாடி வைத்த பையன் போய் "ஓவரி பார்க்கணும்" என்று சீட்டை நீட்டினால் கவுண்டரில் என்ன நடக்கும் என்று நம்மில் பலருக்கும் தெரியும். குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவனுக்குத் துணையாக ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் இருந்த அம்மாக்கள் நடுவில் அவன் ஒருவன் மட்டும் ஆண் சட்டையில். கவுண்டரில் இருந்த பெண் சீட்டில் இருந்த பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார், மூன்று முறை. அவன் எழுந்திருக்கவில்லை. நாலாவது முறை அவனுடைய அம்மா எழுந்து, "அது என் பையன்தான், பெயர் மாத்தல, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவன் முதுகைத் தொட்டு, "மக்களே, தண்ணி நல்லா குடிச்சிருக்கேல்ல? வா" என்றார். அவ்வளவுதான், மொத்த வரிசையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

எல்லோருக்கும் அப்படி ஓர் அம்மா கிடைப்பதில்லை. அதனால் முன்னேற்பாடு செய்யுங்கள். முந்தின நாளே போனில் பேசி, எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள், கடைசி ஆளாக நேரம் கேளுங்கள். உள்ளே கருவி விட்டுப் பார்ப்பதுதான் துல்லியம் என்பார்கள், அது முடியாது என்றால் முடியாது என்று சொல்லலாம், மூத்திரப் பை நிரம்பத் தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றின் மேல் வைத்தே பார்க்கலாம், சில டாக்டர்கள் ஆசனவாய் வழியாகவும் பார்ப்பார்கள். டி எடுப்பதால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து காய்ந்திருக்கும், உள்ளே பார்ப்பது என்றால் சிறிய கருவியும் நிறைய ஜெல்லும் கேளுங்கள். ஒன்று மட்டும், நாகர்கோவில் சின்ன ஊர், லேபில் வேலை செய்கிறவர் யாரோ ஒருவருக்கு மாமி மகளாக இருப்பார். வீட்டில் தெரியாத நிலையில் இருப்பவர்கள் ரயிலேறித் திருவனந்தபுரத்தில் பார்த்துவிட்டு வருவதில் தவறில்லை, எழுபது கிலோமீட்டர் போலத்தான், காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

படி 4: கருமுட்டை சேமிப்பு

எக் ஃப்ரீசிங் என்று கேளுங்கள், எல்லா மையத்திலும் புரியும். நடைமுறை இதுதான்.

டி-யை நிறுத்த வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான டாக்டர்கள் ஒன்றிலிருந்து மூன்று மாதம் நிறுத்திவிட்டு, அல்லது பீரியட்ஸ் திரும்பிய பிறகு வரச் சொல்வார்கள். பீரியட்ஸ் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த நாளிலும் முட்டை வளர்க்கும் ஊசியைத் தொடங்கலாம் என்ற முறையும் இப்போது இருக்கிறது. டி-யை நிறுத்தாமலே முட்டை எடுத்ததாகச் சில தனி அனுபவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன, ஆனால் அதை எல்லா டாக்டரும் செய்ய மாட்டார்கள். நிறுத்துவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அந்தக் கஷ்டமும் மருத்துவத் தகவல்தான். நீண்ட நாள் ஊசி எடுப்பவர் என்றால் அது உடம்பை விட்டுப் போகவே மாதங்கள் ஆகும், அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

அடுத்து பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன ஊசி. பல முட்டைகளை ஒரே நேரத்தில் வளர்க்க இது. இடையில் மூன்று நான்கு முறை ஸ்கேன். இந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறும், நெஞ்சு கனக்கும், மனசு ஆடும். கூடவே லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தால் ஈஸ்ட்ரோஜனை அவ்வளவாக ஏறவிடாமல் பிடித்து வைக்கும், டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு முட்டை எடுக்கும்போது இதைத்தான் கொடுக்கிறார்கள், எந்தக் கருத்தரிப்பு டாக்டருக்கும் இது புதிதல்ல.

முட்டைகள் போதுமான அளவு வளர்ந்ததும் கடைசியாக ஒரு ஊசி, அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து எடுப்பார்கள். அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீடு. எடுத்த முட்டைகளை நொடிப்பொழுதில் உறையவைத்துத் திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 டிகிரியில் வைப்பார்கள். பின்னால் வயிறு ஊதிக்கொண்டே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, மூத்திரம் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி, காலை வரை பொறுக்க வேண்டாம். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது, முன்பைவிட இப்போது அரிது, ஆனால் விளையாட்டல்ல.

முட்டை எடுத்து முடிந்ததும் டி-யை மறுபடி ஆரம்பிக்கலாம். மொத்தத்தில் ஊசியும் எடுப்பதும் இரண்டே வாரம், கஷ்டமெல்லாம் டி இல்லாத அந்த மாதங்கள்தான். அந்தக் காலத்தில் கூட இருக்க ஓர் ஆளை முன்பே சொல்லி வையுங்கள். ராத்திரியில் யாரிடமும் பேச முடியாமல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

செலவுதான் பெரிய மலை. தனியார் மையத்தில் ஒரு சுற்று லட்சத்தைத் தாண்டும், அதில் பெரும்பகுதி அந்தப் பன்னிரண்டு நாள் ஊசிகளுக்கே போகும், அதற்கு மேல் வருடா வருடம் சேமிப்புக் கட்டணம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் திருநர் அறுவை சிகிச்சைக்கு உதவி இருக்கிறது, ஆனால் முட்டை சேமிப்புக்குக் கைக்காசு என்றே திட்டமிடுங்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்ஏடி மருத்துவமனை அரசு மருத்துவமனை, அங்கே குழந்தையின்மை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, தனியாருக்குப் போகும் முன் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

துணை ஏற்கெனவே முடிவான ஆளாக இருந்தால் முட்டையும் விந்தும் சேர்த்துக் கருவாகவே உறைய வைக்கலாம். ஆனால் பிரிந்துவிட்டால் அந்தக் கரு யாருக்கு என்ற சண்டை வரும், தனி முட்டையாக வைப்பதே பாதுகாப்பு என்பது என் எண்ணம். தினசரி ஊசி வேண்டாம் என்பவர்களுக்கும், எப்படியும் சினைப்பையை எடுக்கப்போகிறவர்களுக்கும், சினைப்பைத் திசுவையே உறைய வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அப்படிச் சேமித்த திசுவிலிருந்து முதல் குழந்தை 2004-ல் பெல்ஜியத்தில் பிறந்தது. நம் பக்கத்தில் இதைச் செய்யும் இடங்கள் குறைவு.

படி 5: சட்டம், காகிதம், வரிசை

இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்பு எல்லாம் 2021-ல் வந்த ஏஆர்டி சட்டத்துக்குள் வருகிறது. அந்தச் சட்டம் இரண்டு தரப்பைத்தான் பார்க்கிறது: குழந்தையில்லாத திருமணமான தம்பதி, அல்லது தனியாக வரும் 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் உள்ள பெண். தனி ஆண் இல்லை, திருநர் என்ற சொல்லே இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் நம் அடையாளத்தை நம்மிடமே விட்டது, 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத்தில் பாகுபாடு கூடாது என்றது, அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த கருத்தரிப்புச் சட்டம் நம்மை எண்ணிப் பார்க்கவே இல்லை. முட்டை சேமிக்க மறுக்கப்பட்ட ஒரு திருநம்பி இதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார், அங்கே 2025-ல் மத்திய அரசு இந்தச் சட்டத்தில் திருநருக்கு இடமில்லை என்றே வாதிட்டது. போகும் முன் அந்த வழக்கின் இன்றைய நிலையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து நடைமுறையில் கிடைப்பது என்ன? வரிசை. ஆதார், சான்றிதழ் எல்லாவற்றிலும் பாலினத்தை ஆண் என்று மாற்றிய பிறகு போனால் மையம் மறுக்க வாய்ப்பு அதிகம். முட்டை சேமிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், காகிதம் மாற்றும் முன் அதை முடிப்பது இன்றைய நிலையில் எளிது. நம் ஆளாக நாம் இருப்பதற்கு இப்படிக் காத்திருக்க வைக்கும் சட்டத்தை நான் ஏற்கவில்லை, மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், ஆனால் உங்கள் இருபத்தைந்தாவது வயது தீர்ப்புக்காகக் காத்திருக்காது. ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

சேமிப்புக் காலத்தையும் எழுத்தில் கேளுங்கள். கருவுக்கும் கொடையாளர் முட்டைக்கும் சட்டம் பத்து வருடம் என்று வரம்பு வைத்திருக்கிறது, பல மையங்கள் எல்லாவற்றுக்கும் அதே கணக்கைச் சொல்வார்கள். இருபது வயதில் சேமித்தால் முப்பதில் கேள்வி வரும். பத்து வருடம் கழித்து உங்கள் பெயர் வேறாக இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள், சேமிப்புப் பத்திரத்தோடு பெயர் மாற்ற அரசிதழ் நகலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

வாடகைத் தாய் முறையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 2021-லேயே வந்த தனி வாடகைத் தாய் சட்டம் திருமணமான ஆண் பெண் தம்பதிக்கும், 35 முதல் 45 வயது வரை உள்ள விதவை அல்லது விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டும்தான். ஆள் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று.

படி 6: யார் சுமப்பது

துணை பெண்ணாக இருந்தால் அவர் சுமக்கலாம். திருநர் ஒருவர் ஆண் பெண் உறவில் இருந்தால் இப்போதுள்ள திருமணச் சட்டங்களிலேயே திருமணம் செய்துகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அதற்கு முன்பே 2019-ல் தூத்துக்குடித் திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்ய நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. திருமணப் பதிவு இருந்தால் கணவன் மனைவியாக மையத்துக்குப் போகலாம், பதிவுபெற்ற விந்து வங்கியிலிருந்து கொடையாளர் விந்து, அதை மனைவியின் கர்ப்பப்பைக்குள் நேராகச் செலுத்தும் ஐயுஐ. பிறக்கும் குழந்தை சட்டப்படி உங்கள் இருவரின் சொந்தக் குழந்தை. கொடையாளர் யாரென்று தெரியாது, கொழுந்தன் விந்தோ நண்பன் விந்தோ மையத்தில் செல்லாது. வீட்டிலேயே தெரிந்தவரின் விந்தை வைத்து முயற்சி செய்வதைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் பரிசோதனை இல்லாமல் செய்யாதீர்கள், நாளைக்கு அவர் உரிமை கேட்டு வந்தால் என்ன என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் முட்டை, மனைவியின் கர்ப்பப்பை என்ற வழி மருத்துவத்தில் சாதாரணம், சட்டத்தில்தான் சிக்கல். எடுத்தவுடன் தலையாட்டும் மையத்தைவிட, சட்ட ஆலோசகரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்னும் மையத்தை நம்பலாம்.

துணை திருநங்கையாக இருந்தால், இரண்டு பேரும் ஹார்மோனை நிறுத்தினால் மையமே இல்லாமலும் முடியும். கோழிக்கோட்டில் ஸஹத், ஸியா தம்பதிக்கு 2023 பிப்ரவரி 8 அன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை பிறந்தது, சுமந்தது திருநம்பியான ஸஹத். தாய், தந்தை என்று எழுதாமல் பெற்றோர் என்று பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்று நீதிமன்றம் போனார்கள், 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அப்படியே கொடுக்கச் சொன்னது. எல்லையைத் தாண்டிய தீர்ப்பு நம்மைக் கட்டாது, ஆனால் இங்கே கேட்கும்போது கையில் வைத்துக்கொள்ளலாம்.

படி 7: நீங்களே சுமப்பதென்றால்

டி-யை நிறுத்தி, பீரியட்ஸ் ஒழுங்கான பிறகு முயற்சி. முயற்சிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட். ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டால் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். தாடியும் குரலும் போகாது, முகத்தின் ரோமம் கொஞ்சம் மெலியலாம், உடம்பின் கொழுப்பு இடம் மாறும், இதை முன்பே தெரிந்துகொண்டால் கண்ணாடி அவ்வளவு பயமுறுத்தாது.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஊரில் எப்படி இருப்பது என்பதுதான் பலரின் உண்மையான கேள்வி. தாடி வைத்தவர் வயிறு பெருத்தால் தொப்பை என்றுதான் தெரு நினைக்கும், தளர்ந்த சட்டையில் ஏழு மாதம் வரை போகிறவர்கள் உண்டு. பிரசவத்துக்கு மட்டும் முன்பே பேசி வையுங்கள்: ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறெங்கோ, டாக்டரை ஐந்தாம் மாதத்திலேயே பார்த்து, வார்டில் எங்கே படுக்க வைப்பார்கள், எந்தப் பெயரில் கூப்பிடுவார்கள், கூட யார் இருக்கலாம் என்று கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். டி எடுத்ததனால் மட்டும் சிசேரியன் வேண்டும் என்பதில்லை, சாதாரணப் பிரசவம் முடியும், ஆனால் கீழே பரிசோதனையே தாங்க முடியாதவர்கள் சிசேரியன் கேட்கலாம்.

நெஞ்சு சர்ஜரி செய்திருந்தாலும் மிச்சத் திசு இருந்தால் மூன்றாம் நாள் கட்டிக்கொண்டு வலிக்கும், குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், பிழியாதீர்கள், காய்ச்சல் வந்தால் டாக்டர். சர்ஜரி இல்லை, பால் கொடுக்க விருப்பம் என்றால் கொடுக்கலாம், அதுவரை டி வேண்டாம், அது பாலைக் குறைக்கும். கொடுக்க முடியாது என்றால் மனசில் குற்ற உணர்வு வேண்டாம், பால் வங்கி இருக்கும் மருத்துவமனைகள் உண்டு, பால் பவுடரும் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வு திருநம்பிகளுக்கு இரட்டிப்புச் சுமை, ஹார்மோன் விழுவதும் உடம்பு அந்நியமாகத் தெரிவதும் சேர்ந்து வரும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையோ வெறுமையோ நீடித்தால் மனநல டாக்டரைப் பாருங்கள், வீட்டுக்காரர்கள் "சரியாயிரும்" என்று தள்ள விடாதீர்கள்.

படி 8: தத்து

தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் காரா அமைப்பின் இணையதளத்தில் தனி நபராகப் பதியலாம். உங்கள் காகிதத்தில் ஆண் என்று இருந்தால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, ஆண் குழந்தையை எடுக்கலாம். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை வேண்டுமானால் தனி நபருக்கு வயது உச்சவரம்பு 40, பெரிய குழந்தைக்கு இது கூடும், குழந்தைக்கும் உங்களுக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும். தம்பதியாகப் பதிந்தால் திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். காத்திருப்பு வருடக்கணக்கில் போகும் என்பதால், சுமப்பது வேண்டாம் என்று முடிவானவர்கள் மற்ற எதற்கும் காத்திருக்காமல் பதிவை முதலில் போட்டுவிடுங்கள்.

டி-யைத் திரும்பத் தொடங்குவது

முட்டை எடுத்தவர் என்றால் வயிறு ஊதல் வற்றியதும், பெரும்பாலும் அடுத்த வாரமே. பிரசவம் என்றால் ரத்தம் உறையும் ஆபத்து முதல் ஆறு வாரம் அதிகம் என்பதால் டாக்டர்கள் அது தாண்டும் வரை பொறுக்கச் சொல்வது வழக்கம். பழைய அளவிலேயே குதிக்காமல், ஹீமோகுளோபினும் டெஸ்டோஸ்டிரோன் அளவும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தொடங்கிய அன்றிலிருந்து கருத்தடையும் மறுபடி தொடங்க வேண்டும், பிள்ளை பெற்ற உடம்பு சீக்கிரமே முட்டை விட ஆரம்பித்துவிடும்.